நாவலர்: தொழில் தந்த பெயர்

அண்மையில் உறவினர் பிள்ளை ஒருவனுக்கு வெளிநாட்டுப் படிப்புக்கான விண்ணப்பத்தை நிரப்புவதற்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு கணினி மையத்துக்குச் சென்றிருந்தேன். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக வழியில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் உண்டு என்றேன். அங்கிருந்த இளைஞர் சற்றும் தயங்காமல் தகப்பனார் பெயரையே அந்தக் கட்டத்தில் இட்டு நிரப்பினார். தினமும் பத்துப் பேருக்கு இப்படித்தான் செய்கிறேன் என்றும் சொன்னார்.

வெளியே வந்து நின்றபோது எனக்கு வேறொரு நினைவு எழுந்தது. இதே மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் 1869-ஆம் ஆண்டில் பெயர் தொடர்பான ஒரு பெரும் வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் நின்றவர்களுள் ஒருவர் வடலூர் இராமலிங்க அடிகளார். தமிழுலகம் இன்றும் மறவாத அந்த இருவரையும் நாம் இயற்பெயரால் மட்டும் அழைப்பதில்லை. தந்தை பெயராலோ குலப் பெயராலோ அழைப்பதே இல்லை. ஒருவரை நாவலர் என்கிறோம். மற்றவரை வள்ளலார் என்கிறோம். இரண்டும் அவரவர் செய்த பணியிலிருந்து பிறந்த பெயர்கள்.

பணியிலிருந்து பெயர் பிறப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். இத்தாலியில் ஃபெர்ராரி என்ற பெயரைத் தாங்கிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இன்று அது விரைவுக் கார் ஒன்றின் பெயராக அறியப்பட்டாலும் அதன் வேர் இரும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் இருக்கிறது. கொல்லர் என்பதே அதன் பொருள். சர்தோரி என்றால் தையற்காரர். மொலினாரி என்றால் ஆலையில் மாவரைப்பவர். பார்பியெரி என்றால் நாவிதர். ஆங்கிலேயரின் ஸ்மித், ஜெர்மானியரின் முல்லர் ஆகியனவும் இத்தகையனவே.

தொடக்கத்தில் ஒரே ஊரில் இருந்த பல ஜொவான்னிகளைப் பிரித்தறிய, கொல்லர் ஜொவான்னி, தையற்கார ஜொவான்னி என்று அழைத்தார்கள். பின்னர் 1563-இல் முடிவுற்ற திரெந்து திருச்சபை மாமன்றம் கோயில் பங்குகள்தோறும் திருமணப் பதிவேடுகள் வைக்குமாறு பணித்தது. ஏட்டில் ஏறிய பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடர்ந்தது. மெல்ல மெல்லத் தொழில் அடைமொழிகள் பரம்பரைப் பெயர்களாக உறைந்தன. சம்மட்டியைத் தொட்டே அறியாத கொள்ளுப்பேரனும் ஃபெர்ராரியாகவே வாழ்ந்து மறைந்தான். தொழில் போனது, பெயர் நின்றது.

தமிழகத்திலும் தொழிலும் பதவியும் பெயராயின. வணிகரைச் செட்டியார் என்றோம். முதன்மை பெற்றவரை முதலியார் என்றோம். இலங்கையில் முதலியார் என்பது அந்நிய ஆட்சியாளர் வழங்கிய அரசுப் பதவியாகவே இருந்தது. கணக்கெழுதியவரைக் கணக்குப்பிள்ளை என்றோம். ஆனால், இத்தாலியில் ஒரு குடும்பத்தின் பெயராக உறைந்தது இங்கே ஒரு சாதியின் பெயராக உறைந்தது. தொழில் போன பின்னும் பெயர் நின்றது மட்டுமல்ல, அந்தப் பெயர் மற்றவரை விலக்கும் வேலியாகவும் நின்றது. இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வகை ஒன்றும் நம்மிடம் உண்டு. ஒருவர் தம் உழைப்பால் ஈட்டி, தம்மோடு முடித்துக்கொள்ளும் பெயர் அது. நாவலர் என்பது அத்தகைய பெயர்.

நா வல்லவர் நாவலர். நாவினால் தொழில் செய்வோருக்குப் பெயர் சூட்டும் மரபு கடலூர் மண்ணுக்குப் புதிதன்று. பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர், சமணம் புகுந்து தருமசேனராகி, தமக்கை திலகவதியாரால் மீண்டும் சைவத்துக்கு வந்தார். திருவதிகையில் பதிகம் பாடியபோது நாவுக்கரசு என்ற பெயர் இறைவனால் அவருக்கு வழங்கப்பட்டது என்கிறது பெரியபுராணம். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூர் இன்று கடலூர் நகரின் ஒரு பகுதி. தாமே சூட்டிக்கொள்ளாமல், பாடிய நாவுக்குப் பரிசாகப் பிறர் தந்த பெயர் என்பதே அந்த வரலாற்றின் சாரம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பெரியபுராணத்தை வசன நடையில் எழுதி வீடுதோறும் கொண்டுசேர்த்தவர்தான் நம் கதைக்குரியவர்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமிக்கும் மகனாக 1822 டிசம்பர் 18-ஆம் நாள் ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் நாடகங்கள் எழுதும் ஆற்றல் உள்ளவர். ஒரு நாடகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் மறைந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவனே எஞ்சிய பகுதியைப் பாடி முடித்தான் என்பது அவருடைய வரலாற்றை எழுதியோர் எல்லாரும் பதிவுசெய்த செய்தி. சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலம் கற்பதற்காக மெதடிஸ்த சபையார் நடத்திய பள்ளியில் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியரானார்.

அப்பள்ளியின் தலைவரான பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பணிக்கு உறுதுணையாக நின்றவர் திருநீறு தரித்த ஆறுமுகம். ஒருவர் தம் சமயத்தையும் மற்றவர் தம் சமயத்தையும் விட்டுக்கொடுக்காமலே பல ஆண்டுகள் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு நூலின் தமிழைச் செப்பம் செய்தார்கள். ஆறுமுகம் அங்கே பெற்ற பயிற்சி பின்னாளில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது. மக்களிடம் ஒரு கருத்தைக் கொண்டுசெல்ல நேரம் குறித்துச் சொற்பொழிவு நிகழ்த்த வேண்டும். எளிய நடையில் சிறு நூல்கள் அச்சிட வேண்டும். வினாவிடையாகப் பாடம் எழுத வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பாதிரிமார் கையாண்ட இந்த வழிகளை அவர்களுடைய பள்ளியிலேயே கற்று, அவற்றைக் கொண்டே அவர்களுடைய மதமாற்ற முயற்சியை எதிர்த்து நின்றார்.

வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31-ஆம் நாள் அவருடைய முதல் பிரசங்கம் நிகழ்ந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று முதல் வெள்ளிதோறும் மாலையில் கூட்டம் கூடியது. புராணத்தைப் பாட்டாகப் படித்துப் பயன் சொல்லும் முறைக்குப் பழகியிருந்த மக்களுக்கு, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு முதலும் நடுவும் முடிவுமாக உரைநடையில் பேசும் முறை புதுமையாக இருந்தது. அடுத்த ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பெர்சிவலின் பள்ளியில் வாங்கிவந்த சம்பளத்தைத் துறந்தார். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

பள்ளிக்கு நூல்கள் வேண்டும்; நூல்களுக்கு அச்சு இயந்திரம் வேண்டும். அதை வாங்குவதற்காக 1849-இல் மாணவர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் வந்தார். அந்தப் பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத் தலைவர் நாவலர் என்ற பட்டத்தை அளித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. சொல்லாற்றலைத் தொழிலாகக் கொண்ட ஒருவரை, சொல்லாற்றலை மதிப்பிடத் தக்க ஓர் அவை அந்தத் தொழிலின் பெயராலேயே அழைத்தது.

அந்தப் பட்டத்துக்குப் பிறகு நிகழ்ந்த ஒன்றுதான் என்னை வியக்கவைக்கிறது. அதே ஆதீனம் மகாவித்துவான் என்று சிறப்பித்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரில் பிள்ளை நிலைத்திருந்தது. பட்டம் முன்னே வந்தது. குலப் பெயர் பின்னே நின்றது. ஆறுமுகத்துக்கோ, தந்தை கந்தப்பிள்ளையின் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் நாவலர் வந்து அமர்ந்தது. அவர் பதிப்பித்த நூல்களின் முகப்பில் ஊரும் இயற்பெயரும் பட்டமும் காணப்படும். பிறப்பு தந்த பெயரை உழைப்பு தந்த பெயர் இடம்பெயர்த்தது. அவர் எந்தக் கொள்கையையும் முன்வைத்து இதைச் செய்யவில்லை. மக்கள் நாவில் அது தானாக நிகழ்ந்தது.

பட்டம் பெற்றவர் பட்டத்தோடு ஓய்ந்துவிடவில்லை. நாவினால் தொடங்கிய தொழிலை எழுத்தாணிக்கும் அச்சுக்கூடத்துக்கும் கொண்டுசென்றார். பிள்ளைகளுக்குப் பாலபாடங்களை எழுதினார். பெரியபுராண வசனம் 1852-இல் வெளிவந்தது. திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு 1861-இல் பதிப்பித்தார். சூடாமணி நிகண்டு, திருக்கோவையார், நன்னூல் உரை எனப் பல நூல்கள் அவருடைய கையால் பிழை நீங்கி அச்சேறின. ஏட்டுச்சுவடியில் புள்ளியும் இடைவெளியும் இன்றித் தொடர்ந்தோடிய தமிழைச் சந்தி பிரித்து, கால்புள்ளியும் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இட்டு, எவரும் வாசிக்கத் தக்கதாக அவர் தந்தார். இன்று இந்தப் பத்தியை நீங்கள் தடையின்றிப் படிப்பதில் அவருடைய உழைப்பின் பங்கும் இருக்கிறது.

இனி சிதம்பரத்துக்கு வருவோம். சைவர்களுக்குக் கோயில் என்றாலே தில்லைதான். யாழ்ப்பாணத்து அடியார்கள் கடல் கடந்து வந்து வழிபட்டு, இங்கே மடங்களும் அறக்கட்டளைகளும் அமைத்திருந்தார்கள். அந்த ஊரில் சைவத்தையும் தமிழையும் முறையாகக் கற்பிக்க ஒரு பள்ளி இல்லாதது நாவலரை உறுத்தியது. ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் திரட்டி, 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இங்கும் நாவுதான் அவருடைய முதலீடு. அந்தப் பள்ளி இன்றும் சிதம்பரத்தில் அவருடைய பெயரைத் தாங்கி மேல்நிலைப் பள்ளியாக நடந்துவருகிறது.

ஆனால், தில்லை அவருக்கு அமைதியைத் தரவில்லை. கோயில் வழிபாடு சைவ ஆகம நெறிப்படி நடைபெற வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தில்லைத் தீட்சிதர்களுக்கும் அவருக்கும் பிணக்கு வளர்ந்தது. அதே காலத்தில் வேறொரு திசையிலிருந்தும் மோதல் பிறந்தது.

சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823 அக்டோபர் 5-ஆம் நாள் பிறந்தவர் இராமலிங்கம். நாவலரைவிடப் பத்து மாதங்கள் இளையவர். தந்தையார் இராமையா ஊர்க் கணக்கர். கணக்கெழுதும் தொழிலைக் குலப் பெயராகக் கொண்ட கருணீகர் மரபினர். சென்னையில் வளர்ந்து, பின்னர் கருங்குழியில் தங்கியிருந்த இராமலிங்கர் 1865-இல் சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்தார். 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் திறந்து, பசித்து வந்தவருக்கெல்லாம் சோறிட்டார். அதே ஆண்டில் அவருடைய பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பா என்ற பெயரில் பதிப்பித்தார். ஆசிரியருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பெயரும் சூட்டப்பட்டது.

நாவலர் பொங்கி எழுந்தது இந்தப் பெயர்களைக் கண்டுதான். அருட்பா என்பது தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயர், வாழும் ஒருவரின் பாடலுக்கு அதைச் சூட்டுவது தகாது என்பது அவருடைய வாதம். அதை மறுத்து நூல் வெளியிட்டார்; மேடைகளில் பேசினார். மற்றவர் தரப்பும் வாளாவிருக்கவில்லை. 1869-இல் தில்லைக் கோயிலின் பேரம்பலத்தில் தீட்சிதர்கள் கூட்டிய கூட்டத்தில் இராமலிங்கரும் பேசினார். அங்கே நாவலர் என்ற சொல்லையே பிரித்துப் பிரித்து வேறு வேறு பொருள் கூறி ஏளனம் செய்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அருட்பா என்ற பெயர் செல்லுமா என்று தொடங்கிய வழக்காடல், நாவலர் என்ற பெயர் செல்லுமா என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. நாவலர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த கடலூரில், மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் அது விசாரிக்கப்பட்டது.

சிதம்பரத்திலிருந்து கடலூர் ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். இருப்புப்பாதை வராத அந்தக் காலத்தில் கட்சிக்காரர்களும் சாட்சிகளும் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்திருப்பார்கள். வள்ளலாரைப் போற்றுவோர் சொல்லும் வரலாற்றில், அவர் மன்றத்துள் நுழைந்ததும் அவையோர் எழுந்து நின்றனர், நாவலரும் எழுந்து நின்றார், அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார். நாவலரைப் போற்றுவோர் சொல்லும் வரலாற்றில், தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டு வரலாறுகளிலும் இராமலிங்கர் தண்டனையின்றி வெளியே வந்தார். அந்த வழக்கு முடிந்தும் வாதம் முடியவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலர் பக்கம் நின்று கதிரைவேற்பிள்ளையும், வள்ளலார் பக்கம் நின்று மறைமலையடிகளும் அதைத் தொடர்ந்தார்கள்.

இந்த வழக்கை இரு பெரியோரின் சண்டையாக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. ஒரு பெயரைத் தரும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அதன் அடிப்படை வினா. மரபு தர வேண்டும் என்றார் நாவலர். அவருடைய பட்டமும் ஆதீனம் என்ற மரபிலிருந்து வந்ததுதான். அன்பர்கள் உள்ளம் உவந்து தந்தாலே போதும் என்று நின்றார்கள் இராமலிங்கரைச் சூழ்ந்தவர்கள். காலம் இருவரையும் ஏற்றுக்கொண்டது. இன்று சிதம்பரத்துப் பள்ளி நாவலர் பெயரைச் சொல்கிறது. வடலூர் அணையா அடுப்பு வள்ளலார் பெயரைச் சொல்கிறது. மஞ்சக்குப்பத்துத் தீர்ப்பை நினைத்து யாரும் இப்பெயர்களை வழங்குவதில்லை. நூலையும் பள்ளியையும் அடுப்பையும் நினைத்தே வழங்குகிறார்கள்.

வழக்குக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒன்று இருவரையும் அருகருகே நிறுத்துகிறது. தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவையும் யாழ்ப்பாணத்தையும் வாட்டியது. கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது. அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்த நாவலர் 1877-இல் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். மக்கள் துயரைக் கண்டுகொள்ளாத அரசு அதிபர் துவைனத்தைக் கண்டித்து எழுதினார். வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பும் வண்ணார்பண்ணையில் நாவலர் மூட்டிய அடுப்பும் ஒரே பசியைத்தான் கண்டன. ஆனால், அதைக் காண வள்ளலார் இல்லை. 1874 ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் சென்று மறைந்துவிட்டார். பின்னர் 1879-இல் இலங்கைச் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்வதற்கு ஆதரவு திரட்டிய நாவலர், அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார். அன்றும் வெள்ளிக்கிழமைதான். வயது ஐம்பத்தாறு.

இவ்வளவையும் சொன்ன பின், சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. தம் பெயரில் குலப் பெயருக்கு இடமில்லாமல் வாழ்ந்த நாவலர், சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டவர். சைவ ஆசாரம் என்ற பெயரில் பிறப்பின் வேற்றுமையை அவர் காத்தார். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு அவருடைய பள்ளியின் கதவு திறக்கவில்லை. நாவலர் என்ற பெயர் யாருக்கும் பிறப்பால் வருவதன்று என்பதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டியவர், கல்விக்கும் பிறப்புத் தடையாகக் கூடாது என்பதைக் காணவில்லை. அவர் விட்ட இடத்தை நிரப்ப அரை நூற்றாண்டு ஆயிற்று. அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, தெற்கு வாயிலில் நிறுத்தப்பட்டவராகச் சொல்லப்படும் நந்தனாரின் பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். முனுசாமி என்ற பெயரோடு பிறந்து, துறவால் புதுப்பெயர் பெற்றவர் அவர். நாவலர் பள்ளியையும் நந்தனார் பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிதம்பரத்தின் கல்வி வரலாறு முழுமை பெறும்.

நாவலருக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பெயரை அவர்கள் உடைமையாகப் பெற்றிருக்க முடியாது. தமையனார் மகன் கைலாசபிள்ளை அவருடைய வரலாற்றை எழுதினார், பணிகளைத் தொடர்ந்தார், ஆயினும் கைலாசபிள்ளையாகவே இருந்தார். பட்டம் குடும்பத்தில் தங்காமல் ஊருக்குப் போயிற்று. நாவலர் மறைந்த அதே 1879-இல் பிறந்த சோமசுந்தர பாரதியார், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குத் தலைமை தாங்கியவர். அவரை நாவலர் என்றது தமிழுலகம். அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, நாராயணசாமி என்ற பெயரை நீக்கி நெடுஞ்செழியனானவரைத் திராவிட இயக்கம் நாவலர் என்றது. சைவப் பிரசங்க மேடையில் பிறந்த பெயர், கடவுள் மறுப்பைப் பேசிய மேடையிலும் தங்கியது. பேசப்பட்ட பொருள் தலைகீழாக மாறியும் பெயர் பொருந்தியது. அது கொள்கையின் பெயராகவோ குலத்தின் பெயராகவோ இல்லாமல் தொழிலின் பெயராக இருந்ததே காரணம்.

செங்கற்பட்டில் 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கும் முடிவு எடுக்கப்பட்டது. அதன் பயனாகத்தான் மஞ்சக்குப்பத்துக் கணினி மையத்தில் எனக்குச் சொல்ல ஒரு குடும்பப் பெயர் இல்லாமற்போயிற்று. அதில் எனக்குப் பெருமையே. எனினும் அண்மைக் காலத்தில் துறந்த பெயர்கள் சமூக ஊடகக் கணக்குகளிலும் வாகனக் கண்ணாடிகளிலும் திரும்பிவருவதைக் காண்கிறேன். மறுபுறம், செய்த பணி எதுவென்று எவருக்கும் தெரியாதவர்களுக்குச் சுவரொட்டிகளில் பட்டங்கள் குவிகின்றன. முதலாவது, தாத்தாவின் தொழிலைப் பேரன் அணிந்துகொள்வது. இரண்டாவது, செய்யாத தொழிலின் பெயரை அணிந்துகொள்வது. இரண்டிலும் உழைப்பு இல்லை.

ஒரு பெயரைக் காப்பதற்கு வாரிசு தேவையில்லை, வேலை தேவை. நாவலர் என்ற நான்கெழுத்துக்குப் பின்னால் முப்பது ஆண்டுப் பிரசங்கமும், பிழைதிருத்தப்பட்ட பல்லாயிரம் பக்கங்களும், கடலின் இரு கரையிலும் எழுந்த பள்ளிகளும், ஒரு பஞ்சகாலக் கஞ்சித்தொட்டியும் இருக்கின்றன. அவர் காணத் தவறிய மனிதர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே அந்தப் பெயரை நாம் உச்சரிக்க வேண்டும்.

விண்ணப்பம் நிரப்பிய பிள்ளை வீடு திரும்பும் வழியில் என்னிடம் கேட்டான்: அங்கே போன பிறகு எல்லோரும் என்னை அப்பா பெயரால்தான் அழைப்பார்களா என்று. ஆம், முதலில் அப்படித்தான் அழைப்பார்கள், பிறகு எப்படி அழைக்கிறார்கள் என்பது நீ என்ன செய்கிறாய் என்பதைப் பொறுத்தது என்றேன்.